டாலி பார்ட்டன் பாப்புக்குப் போனது சரியா? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கிடார்_பழகுநர்:

எல்லோருக்கும் வணக்கம். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்றால் எனக்கு விட்னி ஹூஸ்டன்தான். போன மாதம் கிடார் வகுப்பில் ஆசிரியர் அதே பாட்டின் 1974 பதிவைப் போட்டுக் காட்டினார். கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகி டாலி பார்ட்டன் எழுதிப் பாடியது. குரலை எங்கேயும் உயர்த்தவில்லை. கடைசிச் சரணத்தைப் பாடக்கூட இல்லை, பேசிவிட்டுப் போகிறார். கேட்டதிலிருந்து மனதை விட்டுப் போகவே இல்லை.

அப்புறம் ‘ஜோலீன்’, ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ எல்லாம் தேடிக் கேட்டேன். அந்த ஓட்டத்தில் 1977ல் வந்த ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ ஆல்பத்துக்கு வந்ததும் குழம்பிவிட்டேன். துள்ளலான பியானோ, பளபளப்பான இசை, முழுக்க பாப். தலைப்புப் பாட்டை அவர் எழுதவும் இல்லையாம்.

கேட்க நினைப்பது இதுதான்: பணத்துக்காக கன்ட்ரியை விட்டுவிட்டாரா? எல்விஸ் அந்தப் பாட்டைக் கேட்டும் கொடுக்க மறுத்தார் என்பது உண்மையா, ஏன் மறுத்தார்? புதிதாகக் கேட்பவன் எந்த வரிசையில் கேட்கலாம்?

பழைய_ரெக்கார்டு:

எல்விஸ் விஷயம் உண்மை. காரணத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வரிசை பற்றி மட்டும் நான் சொல்கிறேன்: 1967ல் ஆரம்பித்து 1976 வரை கேளுங்கள், அதோடு போதும்.

அந்தக் காலகட்டத்தின் சூழலையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974ல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் சிறந்த பாடகி விருதை பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குக் கொடுத்தது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் கொதித்துப் போனது. கன்ட்ரி பாடகத் தம்பதி ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் வீட்டில் பழைய கலைஞர்கள் கூடித் தனிச் சங்கமே ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் பாப்பில் புகழ்பெற்ற ஜான் டென்வருக்கு ஆண்டின் சிறந்த கலைஞர் என்ற பெரிய விருது. அதை அறிவிக்க வந்த சார்லி ரிச், பெயர் எழுதியிருந்த காகிதத்தை மேடையிலேயே லைட்டரால் கொளுத்தினார். ஸ்டீல் கிடாரும் ஃபிடிலும் இல்லாத பாட்டுகள் கன்ட்ரி என்ற பெயரில் வந்துகொண்டிருந்த நேரம் அது. அப்போது மலைநாட்டுக் குரல் மாறாமல் பாடிக்கொண்டிருந்தவர் டாலி. அவரும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

‘டவுன் ஃப்ரம் டோவர்’ (1970) கேளுங்கள். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண், வருவேன் என்றவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வருவதில்லை, குழந்தையும் உயிரோடு பிறப்பதில்லை. எழுதியபோது டாலிக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ‘தி பார்கெய்ன் ஸ்டோர்’ (1975) பாட்டில் இரட்டை அர்த்தம் இருக்கிறது என்று சில வானொலி நிலையங்கள் போட மறுத்தன. அப்படியும் கன்ட்ரி சார்ட்டில் முதலிடம் போனது. இப்படி எழுதுகிறவர் இன்னொருவர் எழுதிய பாப் பாட்டைப் பாட வேண்டிய தேவை என்ன?

ஸ்மோக்கி_அடிவாரம்:

தம்பி, நான் டென்னசியில் நாக்ஸ்வில்லில் இருக்கிறேன். டாலி பிறந்த செவியர் கவுன்ட்டி இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். இந்த ஊருக்கு வரும்வரை நானும் ‘ஜோலீன்’ தவிர எதுவும் கேட்டதில்லை. இங்கே வந்த பிறகு அவர் பாட்டு மட்டுமல்ல, அவர் செய்த வேலையும் தினம் கண்ணில் படுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீடு. 1946 ஜனவரி 19. லிட்டில் பிஜன் ஆற்றங்கரையில் ஒற்றை அறைக் குடிசை. பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா கொடுத்த கூலி ஒரு மூட்டை சோளமாவு. அப்பா ராபர்ட் லீ பார்ட்டன் அடுத்தவர் நிலத்தில் குத்தகை வாரத்துக்கு உழுதவர், பிறகு புகையிலை போட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கிலும் பேரத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை என்று டாலி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அம்மா ஏவி லீ பழைய மலைநாட்டுக் கதைப்பாட்டுகளைப் பாடுபவர். அம்மாவின் அப்பா பெந்தெகொஸ்தே போதகர். ஆக, பாட்டு அம்மா வழி, கணக்கு அப்பா வழி. உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சின்னப் பெண்ணாக இருக்கும்போதே மாமா பில் ஓவன்ஸ் அவரை நாக்ஸ்வில் வானொலிக்கும் டிவிக்கும் கூட்டிப் போனார். பதின்மூன்று வயதில் லூசியானாவில் ஒரு சின்ன கம்பெனிக்கு முதல் பதிவு. அதே வயதில் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரி மேடை, அறிமுகப்படுத்தியவர் ஜானி கேஷ். 1964ல் உயர்நிலைப் பள்ளி முடிந்த மறுநாளே நாஷ்வில்லுக்குப் பேருந்து ஏறினார். போன முதல் நாளே சலவைக் கடை வாசலில் கார்ல் டீனைச் சந்தித்தார். 1966ல் கல்யாணம். கார்ல் தார் போடும் தொழில் செய்தவர், மேடைப் பக்கமே வராதவர். 2025 மார்ச்சில் அவர் இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே இருந்தார்கள்.

இப்போது பாப் விஷயம். நிறைய பேர் 1977ல்தான் டாலி பாப்புக்கு வந்தார் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நாஷ்வில் வந்த புதிதில் மான்யூமென்ட் ரெக்கார்டு கம்பெனி அவரைப் பாப் பாடகியாக்கத்தான் பார்த்தது. அந்தக் கிறீச்சுக் குரல் கன்ட்ரிக்கு ஒத்துவராது என்று அவர்கள் கணக்கு. எடுபடவில்லை. டாலியும் மாமாவும் சேர்ந்து எழுதிய ‘புட் இட் ஆஃப் அன்டில் டுமாரோ’ பாட்டை 1966ல் பில் பிலிப்ஸ் பாட, அது கன்ட்ரியில் முதல் பத்துக்குள் வந்தது. அதன் பிறகுதான் சரி, இந்தப் பெண் கன்ட்ரியே பாடட்டும் என்று விட்டார்கள். அதாவது இருபது வயதில் மற்றவர்கள் சொல்லி பாப் பாடினார். முப்பத்தோரு வயதில் தானே முடிவெடுத்துப் பாடினார். இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இடையில் ஏழு வருடம் கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சி. 1967ல் அதில் பாடிவந்த நார்மா ஜீன் விலகிய இடத்துக்கு டாலி வந்தார். ஆரம்பத்தில் கூட்டம் ‘நார்மா ஜீன் எங்கே’ என்று கத்தியது. போர்ட்டர் தன்னோடு ஜோடியாகப் பாட வைத்து ஜனங்களை ஏற்கச் செய்தார். ஆர்.சி.ஏ. ரெக்கார்டு கம்பெனிக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். அந்த நன்றியை டாலி இன்றுவரை மறைத்ததில்லை. ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ கூட போர்ட்டரின் பஸ்ஸில் எழுதியதுதான். கையில் காகிதம் இல்லை. போர்ட்டரின் ஜிகினா கோட்டுகளைச் சலவை செய்த கடையின் ரசீதில் எழுதினார். ஒட்டுத்துணிகளைச் சேர்த்து அம்மா தைத்துக் கொடுத்த கோட்டைப் பள்ளிக்குப் போட்டுப் போய்க் கேலிக்கு ஆளான கதை அது. அம்மா பிற்பாடு மாதிரிக்குத் தைத்துக் கொடுத்த கோட்டை அவருடைய டாலிவுட் பொழுதுபோக்குப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். அங்கேயே பழைய இரண்டு அறை வீட்டைப் போலவே தம்பி பாபி ஒரு வீடு கட்ட, உள்ளே அம்மா சாமான்களை அடுக்கிக் கொடுத்தார். சுவரில் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். நான் போகும்போதெல்லாம் ராட்டினங்களை விட்டுவிட்டு அங்கேதான் முதலில் நிற்பேன். பன்னிரண்டு பிள்ளைகள் வளர்ந்த குடும்பம் என்று அந்த அறையின் அளவைப் பார்த்தால் நம்பமுடியாது.

அப்புறம் 1973. போர்ட்டரை விட்டுத் தனியாகப் போக வேண்டும். பேசினால் சண்டை. காது கொடுத்துக் கேட்க அவர் தயாராக இல்லை. அதனால் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதி, மறுநாள் அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். அதுதான் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. காதலன் காதலி பிரிகிற பாட்டே இல்லை அது. முதலாளியிடம் கொடுத்த ராஜினாமா. போர்ட்டர் அழுதுவிட்டு, போ என்று விட்டார்.

எல்விஸ் விவகாரம் இதற்குப் பிறகு. எல்விஸ் இதைப் பாடப் போகிறார் என்று செய்தி வந்ததும் டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூடியோவுக்கே அழைப்பு. பதிவுக்கு முன்னால் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் போன் செய்து, எல்விஸ் பாடும் பாட்டு எதுவானாலும் பப்ளிஷிங்கில் பாதி எங்களுக்கு வந்தாக வேண்டும் என்றார். டாலி மறுத்துவிட்டார். ராத்திரி முழுக்க அழுததாகவும் சொல்லியிருக்கிறார். இருபத்தெட்டு வயதுப் பெண். எல்விஸ் பாடினால் அது எங்கே போகும் என்று தெரியும். தெரிந்தே வேண்டாம் என்றார்.

பப்ளிஷிங் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இந்த மறுப்பின் கனம் புரியும். அமெரிக்காவில் ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால் பாடியவருக்குக் காசு கிடையாது. எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருக்கும் பப்ளிஷருக்கும்தான் ராயல்டி. எழுத்தாளர் பங்கு பாதி, பப்ளிஷர் பங்கு பாதி. பாட்டை எழுதியவரே பப்ளிஷராகவும் இருந்தால் இரண்டு பாதியும் ஒரே கைக்கு வரும். டாலி இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டவர். மாமா பில்லோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பப்ளிஷிங் கம்பெனி வைத்திருந்தார். இந்தப் பாட்டு அதற்குப் பின் அவர் நடத்திய வெல்வெட் ஆப்பிள் மியூசிக் பெயரில் இருக்கிறது.

1974ல் கன்ட்ரியில் முதலிடம். 1982ல் ஒரு படத்துக்காகத் திரும்பப் பாடினார், மறுபடியும் கன்ட்ரியில் முதலிடம். 1992ல் ‘தி பாடிகார்ட்’ படத்தில் விட்னி பாடியது பில்போர்டு பாப் சார்ட்டில் 14 வாரம் முதலிடம். அந்தப் பதிவு இன்றுவரை எங்கே ஒலித்தாலும் எழுத்தாளர் பங்கும் பப்ளிஷர் பங்கும் டாலிக்குத்தான். விட்னியின் குரலை முதன்முதலில் கார் ரேடியோவில் கேட்டபோது வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது என்று ஆனந்தமாகச் சொல்வார்.

பழைய_ரெக்கார்டு நண்பரே, இன்னொருவர் பாட்டைப் பாட வேண்டிய தேவை என்ன என்று கேட்டீர்கள். பேரி மான், சிந்தியா வீல் எழுதிய ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ பாட்டைக் கேட்டதும் இது பாப் வானொலிக்குள் போகும் என்று டாலிக்குத் தெரிந்துவிட்டது. கூடவே பயமும். தயாரிப்பாளர் கேரி க்ளைனிடம் ஒரு ஸ்டீல் கிடார் சேருங்கள் என்று கேட்டு வாங்கினார். இது கன்ட்ரி இல்லை என்று யாராவது சொன்னால் சுட்டிக்காட்ட ஒன்று வேண்டுமே. பாட்டு பாப் சார்ட்டில் மூன்றாமிடம், கன்ட்ரியில் ஐந்து வாரம் முதலிடம். அவருடைய பத்து லட்சம் தாண்டிய முதல் ஆல்பம் அதுதான். ஆனால் அதே ஆல்பத்தில் ‘இட்ஸ் ஆல் ராங், பட் இட்ஸ் ஆல் ரைட்’, ‘டூ டோர்ஸ் டவுன்’, ‘மீ அண்ட் லிட்டில் ஆண்டி’ மூன்றும் அவரே எழுதியவை. இன்னொருவர் பாட்டு வாசலைத் திறந்துவிட்டது, உள்ளே போனவை இவருடைய பாட்டுகள். 1978ல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனே அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைக் கொடுத்தது. காகிதத்தைக் கொளுத்தின அதே விருது.

பணத்துக்காகவா என்று கேட்டால், ஆமாம், பணமும் ஒரு காரணம். அவரே அதை மறைத்ததில்லை. சோளமாவு கொடுத்துப் பிரசவம் பார்த்த வீட்டுப் பெண் பணம் சம்பாதிக்க நினைத்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் பார்ப்பது அந்தப் பணம் எங்கே போனது என்பதை. 1986ல் பிஜன் ஃபோர்ஜில் ஏற்கெனவே இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பங்காளியாகச் சேர்ந்து அதை டாலிவுட் ஆக்கினார். இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இன்று அதுதான் வேலை. 1995ல் செவியர் கவுன்ட்டிக் குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்பும் இமேஜினேஷன் லைப்ரரி. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவை நினைத்துத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து ஐந்து வயது முடியும்வரை இலவசம், பெற்றோர் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. இன்று ஐந்து நாடுகளில், இருபது கோடிப் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. என் மகள் பிறந்ததும் பதிவு செய்தோம். தபால் பெட்டியில் அவள் பெயர் போட்டு வரும் புத்தகத்தை நான் எடுத்தால் கோபம் வரும், அவளே எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த ஊரில் முதலில் வந்த கடிதம் அது. அதனால்தான் டாலி விஷயத்தில் எனக்கு நடுநிலையாகப் பேச வராது.

2016 நவம்பரில் காட்லின்பர்க் காட்டுத்தீ. எங்கள் பக்கம்கூட வானம் புகையாக இருந்தது. வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 1,000 டாலர் வீதம் ஆறு மாதம் தருவதாக டாலியின் அறக்கட்டளை அறிவித்தது. நன்கொடை பெருகியதால் கடைசி மாதம் 5,000 ஆகக் கொடுத்தார்கள். 2020ல் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு கோவிட் ஆராய்ச்சிக்காகப் பத்து லட்சம் டாலர். மாடர்னா தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் அதிலிருந்து பங்கு போனது.

செவியர்வில் நீதிமன்ற வாசலில் டாலியின் சிலை இருக்கிறது. வெறுங்காலோடு கிடார் பிடித்து உட்கார்ந்திருப்பார். 1987ல் வைத்தது. புறா எச்சம் விழுகிறது என்று அப்பா ராத்திரியில் வாளியும் சோப்புத் தண்ணீரும் எடுத்துப் போய்த் தேய்த்துக் கழுவுவாராம். அந்தப் பெயர்ப்பலகையை அவரால் படிக்க முடிந்திருக்காது.

கிடார்_பழகுநர்:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ராஜினாமாக் கடிதம் என்று தெரிந்த பிறகு திரும்பக் கேட்டேன். ‘இங்கேயே இருந்தால் உன் வழியில் குறுக்கே நிற்பேன்’ என்கிற மாதிரி வரும் முதல் வரிக்கே இப்போது வேறு அர்த்தம்.

இன்னும் இரண்டு கேட்கிறேன். போர்ட்டரோடு அதன் பிறகு உறவு எப்படி இருந்தது? இன்னொன்று வாசிப்பவர்களுக்கு: அவ்வளவு நீள நகத்தோடு எப்படி கிடார் வாசிக்கிறார்? ‘ஜோலீன்’ பழகப் பார்க்கிறேன், அந்த ஆரம்பத் துணுக்கு ஓடவே மாட்டேன் என்கிறது.

விரல்_நுனி:

நகம் பற்றி: ஓப்பன் டியூனிங் அவருக்கு ரொம்பப் பழக்கம். கம்பிகளை வெறுமனே மீட்டினாலே ஒரு கார்ட் வரும்படி சுருதி கூட்டிவிட்டால் இடது கை விரல்களை மடக்கி மடக்கி அழுத்த வேண்டியதில்லை. ஒரே விரலைப் பட்டையாக வைத்து நகர்த்தினால் போதும். பாஞ்சோ, ஆட்டோஹார்ப், டல்சிமர் எல்லாம் வாசிப்பார். மலைநாட்டு வீடுகளில் இந்த வாத்தியங்களைக் குழந்தைகள் கேட்டே பழகுவார்கள்.

‘ஜோலீன்’: கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) நாலாவது ஃப்ரெட்டில் வையுங்கள், ஏ மைனர் வடிவத்தில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து சி, ஜி, திரும்ப ஏ மைனர். பாட்டில் இதைத் தாண்டி அதிகம் இல்லை. கட்டைவிரல் பாஸ் கம்பிகளில் மாறி மாறி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், மற்ற விரல்கள் அதன் இடைவெளிகளில். முதலில் கட்டைவிரலை மட்டும் தனியாகப் பழகுங்கள். மற்றவற்றைச் சேர்ப்பது அது யோசிக்காமல் ஓடும்போதுதான். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். மெதுவாக வாசித்தாலும் அந்தப் பாட்டின் பதைபதைப்பு குறையாது என்பது வாசித்துப் பார்த்தால் தெரியும்.

எழுத்தைக் கவனியுங்கள். கோரஸில் அந்தப் பெயரை நான்கு முறை கூப்பிடுகிறார். திட்டவில்லை, கெஞ்சுகிறார். கணவனைப் பறிக்க வந்தவளின் தலைமுடி, தோல், கண் என்று அவள் அழகை இவரே புகழ்கிறார். அன்றைய கன்ட்ரியில் இப்படிப்பட்ட நிலைமைக்குப் பெண்கள் பாடியது பெரும்பாலும் சண்டைப் பாட்டுகள். ஆட்டோகிராஃப் கேட்டு வந்த சிவப்புமுடிச் சிறுமியின் பெயர் பிடித்துப்போய் அதை வைத்துக்கொண்டார். கார்லைப் பார்த்துப் பல்லிளித்த ஒரு வங்கிப் பெண்ணிடமிருந்து கதையை எடுத்தார். பிற்பாடு பழைய கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது ‘ஜோலீன்’, ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ இரண்டும் ஒரே கேசட்டில் இருந்ததாம்.

பாப் காலத்தில் எழுத்து குறைந்தது என்று நினைப்பவர்கள் ‘நைன் டு ஃபைவ்’ பாட்டை மறந்துவிடக் கூடாது. 1980ல் ஜேன் ஃபோன்டா, லில்லி டாம்லினோடு நடித்த படத்துக்காகப் படப்பிடிப்புத் தளத்திலேயே எழுதியது. ஒட்டு நகங்களை ஒன்றோடொன்று உரசினால் டைப்ரைட்டர் சத்தம் வருவதைக் கவனித்து, அதையே தாளமாக வைத்துக்கொண்டு எழுதினார். பதிவிலும் அந்த நகச் சத்தம் இருக்கிறது, ஆல்பத்தில் அதற்குப் பெயரும் போட்டார்கள். கன்ட்ரியிலும் பாப்பிலும் இரண்டிலுமே முதலிடம். வேலை வாங்கிக்கொண்டு பெயரைத் தராத முதலாளியைப் பற்றி இவ்வளவு நேராக எழுதிய பாட்டு அந்த வருடம் வேறு எத்தனை முதலிடம் போயின? என் அம்மா அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். வரிகளைச் சொல்லி விளக்கினேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்றார்.

பழைய_ரெக்கார்டு:

‘நைன் டு ஃபைவ்’ நல்ல பாட்டு, அதை நான் மறுக்கவே இல்லை. என் குறை எண்பதுகளின் நடுப்பகுதி பற்றி. கென்னி ரோஜர்ஸோடு பாடிய ‘ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்’ (1983) பீ ஜீஸ் எழுதியது, முதலிடம், சரி. அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களில் சிந்தசைசருக்கு நடுவே அவர் குரலைத் தேட வேண்டியிருக்கிறது. 1986ல் ஆர்.சி.ஏ. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த கம்பெனியில் முழு பாப்பாக வந்த ‘ரெயின்போ’ (1987) எடுபடவில்லை. ஆனால் அதே வருடம் லிண்டா ரான்ஸ்டட், எமிலூ ஹாரிஸோடு ‘ட்ரையோ’. மூன்று குரல், கம்பி வாத்தியங்கள், வேறெதுவும் வேண்டாம். ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பம். எது நின்றது என்று பாருங்கள்.

1999ல் ‘தி கிராஸ் இஸ் ப்ளூ’ வந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. கன்ட்ரி வானொலி ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பாட்டைப் போடுவதையே நிறுத்தியிருந்த நேரம். சுகர் ஹில் என்ற சின்ன கம்பெனிக்கு முழு புளூகிராஸ் ஆல்பம். புளூகிராஸில் டிரம்ஸ் இருக்காது. மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில், டோப்ரோ, நின்று வாசிக்கும் பாஸ். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இசை அது. அந்தக் குரல் அதே கூர்மையோடு இருந்தது. கிராமி கிடைத்தது. அதனால் 1976ஓடு நிறுத்தச் சொன்னதைக் கொஞ்சம் நீட்டுகிறேன்: 1976 வரை கேளுங்கள், அங்கிருந்து ‘ட்ரையோ’, அப்புறம் நேராக 1999.

ஸ்மோக்கி_அடிவாரம்:

நண்பரே, அந்த புளூகிராஸ் ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதை அவர் நினைத்தபோது போட முடிந்ததே பாட்டு உரிமையும் டாலிவுட்டும் கையில் இருந்ததால்தான். வானொலி கைவிட்டதும் காணாமல் போன பாடகிகளின் பட்டியல் நாஷ்வில்லில் நீளமானது. டாலிக்கு வானொலி தயவு தேவைப்படவில்லை. பாப் வருடங்கள் அவருக்கு வாங்கித் தந்தது அந்தச் சுதந்திரத்தை.

தம்பி, போர்ட்டர் கதை. பாட்டைக் கேட்டு அழுது அனுப்பியவர் 1979ல் முப்பது லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தை மீறிவிட்டாள், என்னால்தான் பெரிய ஆளானாள் என்பது வாதம். நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். சில காலம் பேச்சு இல்லை. ஆனால் டாலி அவரை மேடையில் ஒருநாளும் தாழ்த்திப் பேசியதில்லை. 2007 மே மாதம் போர்ட்டர் ஓப்ரியில் ஐம்பது வருடம் முடித்ததைக் கொண்டாடினார்கள். டாலி வந்து, பக்கத்தில் அவரை உட்காரவைத்துக்கொண்டு, அவருக்காகவே எழுதிய பாட்டை அவரைப் பார்த்தே பாடினார். அந்த வருடம் அக்டோபரில் போர்ட்டர் இறந்தபோது கடைசி நேரத்தில் டாலி அங்கே இருந்தார். நிகழ்ச்சியின் வீடியோ இணையத்தில் இருக்கிறது. 1974 பதிவைக் கேட்டு முடித்ததும் அதைப் பாருங்கள்.

விட்னி பதிப்பில் ஒரு சங்கதி. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் முதலில் இருந்தது லிண்டா ரான்ஸ்டட் பாடிய பதிவு. அதில் கடைசிச் சரணம் இல்லை. டாலியிடம் போனில் பேசியபோது அவர்தான் இன்னொரு சரணம் இருக்கிறதே என்று சொல்லி வரிகளைக் கொடுத்தார். நீ நன்றாக இரு என்று வாழ்த்துகிற அந்தச் சரணம் இல்லாமல் பாட்டு வெறும் பிரிவோடு முடிந்திருக்கும்.

வரிசை என்று கேட்டால், முதலில் ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ (1971) முழு ஆல்பம். அடுத்து ‘மை டென்னசி மவுன்டன் ஹோம்’ (1973). அதன் அட்டையில் இருக்கும் வீடுதான் அவர் வளர்ந்தது. பிறகு ‘ஜோலீன்’ ஆல்பம், அங்கிருந்து நேராக ‘ஹியர் யூ கம் அகெய்ன்’. நடுவில் எதையும் வைக்காதீர்கள், அந்த மாற்றத்தின் வேகம் காதில் விழட்டும். கேட்கும்போது பியானோவுக்குப் பின்னால் வரும் அந்த ஸ்டீல் கிடாரைத் தேடுங்கள். ‘நைன் டு ஃபைவ் அண்ட் ஆட் ஜாப்ஸ்’ ஆல்பத்தில் தலைப்புப் பாட்டைத் தாண்டியும் கேளுங்கள், முழுக்க வேலை செய்து பிழைப்பவர்களைப் பற்றியது. எண்பதுகளின் நடுவை பழைய_ரெக்கார்டு சொன்னபடி தாண்டிவிடலாம், அதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் ரிக்கி ஸ்காக்ஸ் தயாரித்த ‘ஒயிட் லிமசீன்’ (1989) ஆல்பத்தை விட்டுவிடாதீர்கள். அதில் இரண்டு பாட்டு மறுபடியும் கன்ட்ரியில் முதலிடம் போயின.